மூன்று அங்குலம் கூடுதல் லாபமா? கணினித் திரை வாங்கும் முன் ஒரு கணக்கு

மாணவர்களே, ஒரு கேள்வியோடு தொடங்குவோம். கடையில் இரண்டு கணினித் திரைகள் அருகருகே இருக்கின்றன. ஒன்று 24 அங்குலம், விலை 350 ரிங்கிட். மற்றது 27 அங்குலம், விலை 400 ரிங்கிட். இரண்டு பெட்டிகளிலும் ‘ஃபுல் எச்டி, 1920 × 1080’ என்று அச்சிட்டிருக்கிறது. அப்பா உங்களைப் பார்த்து, “எது வேண்டும், நீயே சொல்லு” என்கிறார். வெறும் 50 ரிங்கிட்டில் மூன்று அங்குலம் கூடுதலாகக் கிடைக்கிறதே என்று பெரும்பாலோர் பெரிய திரையைத்தான் காட்டுவார்கள்.

இந்த விலைகள் கணக்குக்காக நான் வைத்தவை. கடைக்குக் கடை, மாதத்திற்கு மாதம் மாறும். ஆனால் கேள்வி உண்மையானது. பல வீடுகளில் மடிக்கணினி ஒன்றுதான் இருக்கும். அண்ணன், தங்கை இருவரும் அதன் சின்னத் திரையில் கழுத்தைக் குனிந்துகொண்டு மாறி மாறிப் படிப்பார்கள். எஸ்பிஎம் ஆண்டில் தனியாக ஒரு திரை வாங்கி மடிக்கணினியோடு இணைத்துவிட்டால் பெரிய உதவிதான். ஆனால் 400 ரிங்கிட் என்பது பல குடும்பங்களுக்கு யோசித்துச் செய்ய வேண்டிய செலவு. வாங்கிய பிறகு ஐந்தாறு ஆண்டுகள் அதன் முன்னால் உட்காரப் போவதும் நீங்கள்தான்.

அந்த 50 ரிங்கிட் உண்மையில் எதை வாங்குகிறது என்பதைக் கடைக்குப் போகாமலேயே கண்டுபிடித்துவிடலாம். வேண்டியவை ஓர் அளவு நாடா, படிவம் 1இல் படித்த பைதகோரஸ் தேற்றம், கொஞ்சம் ஒளியியல்.

அங்குலம் எதை அளக்கிறது?

திரையின் அங்குலம் என்பது அகலமும் அல்ல, உயரமும் அல்ல. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு இழுக்கும் மூலைவிட்டத்தின் நீளம். இன்றைய திரைகளின் அகலமும் உயரமும் பெரும்பாலும் 16க்கு 9 என்னும் விகிதத்தில் இருக்கும். 16இன் வர்க்கம் 256, 9இன் வர்க்கம் 81, கூட்டினால் 337. அதன் வர்க்கமூலம் சுமார் 18.36. ஆகவே மூலைவிட்டத்தை 18.36ஆல் வகுத்து 16ஆல் பெருக்கினால் அகலம், 9ஆல் பெருக்கினால் உயரம்.

‘24 அங்குலம்’ என்று விற்கப்படும் திரைகளில் பல, உண்மையில் 23.8 அங்குலம். கணக்குப் போட்டால் அதன் அகலம் 52.7 சென்டிமீட்டர், உயரம் 29.6 சென்டிமீட்டர். 27 அங்குலத் திரையோ 59.8க்கு 33.6 சென்டிமீட்டர். பரப்பளவில் பெரியது சுமார் 29 விழுக்காடு கூடுதல். மூன்று அங்குலம் என்று சொல்லும்போது சிறியதாகத் தெரியும் வித்தியாசம், பரப்பளவில் இவ்வளவு பெரிதாகிவிடுகிறது.

இன்னொரு வேடிக்கை. அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய 19 அங்குலத் திரைகளைப் பார்த்திருப்பீர்கள், கிட்டத்தட்ட சதுரமாக இருக்கும். அவற்றின் விகிதம் 5க்கு 4. அதன் உயரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 30.1 சென்டிமீட்டர். அதாவது இன்றைய 24 அங்குலத் திரையைவிட அரை சென்டிமீட்டர் உயரம் அதிகம்! கட்டுரை எழுதவும் பாடக்குறிப்பு வாசிக்கவும் உயரம்தான் உதவுகிறது, அகலம் அல்ல. அங்குலத்தை மட்டும் வைத்து வெவ்வேறு வடிவத் திரைகளை ஒப்பிடக்கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

புள்ளிகள் அதே எண்ணிக்கைதான்

1920 × 1080 என்பது திரையில் உள்ள படப்புள்ளிகளின் எண்ணிக்கை. இவற்றைப் பிக்சல் என்கிறோம். இடமிருந்து வலமாக 1920, மேலிருந்து கீழாக 1080, மொத்தம் 2,073,600 புள்ளிகள். நம் கடையில் இருக்கும் இரண்டு திரைகளிலும் இதே எண்ணிக்கைதான். 27 அங்குலத் திரையில் ஒரு புள்ளிகூட அதிகம் இல்லை. அதே புள்ளிகளைப் பெரிய பரப்பில் பரப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ரொட்டிச் சானாய் மாவை இன்னும் அகலமாக வீசினால் மாவு கூடாது, மெலியத்தான் செய்யும்.

ஒரு புள்ளியின் அகலம் எவ்வளவு? 24 அங்குலத் திரையில் 527 மில்லிமீட்டரை 1920ஆல் வகுத்தால் 0.274 மில்லிமீட்டர். 27 அங்குலத் திரையில் 0.311 மில்லிமீட்டர். நிறுவனங்களின் விவரப் பட்டியலில் ‘பிக்சல் பிட்ச்’ என்ற பெயரில் இந்த எண் கிடக்கும். பெட்டியின் முன்பக்கத்தில் இதை யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை. எனக்குக் கேட்டால் பெட்டியிலேயே மிகவும் பயனுள்ள எண் இதுதான் என்பேன்.

ஏனென்றால் இதை நம் கண்ணோடு நேரடியாக ஒப்பிடலாம். கண் பரிசோதனைக்குப் போகும்போது 6 மீட்டர் தூரத்தில் எழுத்து அட்டையை வைத்து வாசிக்கச் சொல்வார்கள் அல்லவா? 6க்கு 6 பார்வை உள்ளவர் பிரித்துப் பார்க்கக்கூடிய மிகச் சிறிய கோணம் ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கு. இதைக் கோண நிமிடம் என்பார்கள். படிவம் 3இல் படித்த டான்ஜென்ட் விகிதத்தைப் பயன்படுத்தினால், 60 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு கோண நிமிடம் என்பது 0.17 மில்லிமீட்டர். அதாவது நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினால் விரல் நுனி தொடும் தூரத்தில், 0.17 மில்லிமீட்டரைவிடப் பெரிய புள்ளியை நல்ல கண் தனியாகப் பார்த்துவிடும்.

அப்படியானால் இரண்டு திரைகளுமே தேறவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். 60 சென்டிமீட்டரில் 24 அங்குலத்தின் புள்ளி 1.6 கோண நிமிடமும், 27 அங்குலத்தின் புள்ளி 1.8 கோண நிமிடமும் வருகின்றன. ஆனால் கணினி எழுத்துகளின் ஓரங்களைச் சாம்பல் நிறத்தாலும் வண்ணத்தாலும் மழுப்பிக் காட்டுவதால், கொஞ்சம் பெரிய புள்ளியையும் கண் பொறுத்துக்கொள்கிறது. எங்கே கோடு போடுவது என்பதில் ஆளுக்கு ஆள் கருத்து மாறும். 60 சென்டிமீட்டர் தூரத்தில் 0.28 மில்லிமீட்டர் வரை சரி, 0.3ஐத் தாண்டினால் தமிழ் எழுத்துகளின் சுழிகள் படிக்கட்டு போல உடைந்து தெரியும் என்பது என் கணிப்பு. ‘ணை’, ‘ஞா’ போன்ற எழுத்துகளைச் சிறிய அளவில் போட்டுப் பாருங்கள், ஆங்கில எழுத்தைவிட இவை சீக்கிரம் காட்டிக் கொடுத்துவிடும்.

பெரியதை வாங்கித் தள்ளி வைத்துவிட்டால்?

நல்ல யோசனை. ஒத்த முக்கோணங்களை வைத்துக் கணக்கிடலாம். 59.8ஐ 52.7ஆல் வகுத்தால் 1.135. அதை 60ஆல் பெருக்கினால் 68. ஆக, 27 அங்குலத் திரையை 68 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்தால் புள்ளி பழையபடி சிறியதாகத் தெரியும். ஆனால் கவனியுங்கள்: அந்தத் தூரத்தில் திரை முழுவதும் அதே அளவு சிறியதாகத்தான் தெரியும். உங்கள் விழித்திரையில் விழும் பிம்பம், 24 அங்குலத் திரை 60 சென்டிமீட்டரில் விழவைக்கும் அதே அளவு பிம்பம். எழுத்தும் அதே அளவு, படமும் அதே அளவு. கூடுதலாகக் கொடுத்த 50 ரிங்கிட், திரையை 8 சென்டிமீட்டர் பின்னால் நகர்த்த உதவியது. உங்கள் மேசை அதற்கு இடம் கொடுக்கிறதா என்பது வேறு கேள்வி. வீட்டில் இருக்கும் படிப்பு மேசையின் ஆழம் 50, 60 சென்டிமீட்டர்தான் இருக்கும். திரையின் தாங்கியே அதில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும்.

இதனால் 27 அங்குல ஃபுல் எச்டி திரை யாருக்குமே வேண்டாம் என்று சொல்லவில்லை. தாத்தா பாட்டிக்கு எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்றால் அது நல்ல தேர்வு. கட்டிலில் உட்கார்ந்து படம் பார்ப்பவருக்கும் சரி. மேசையில் உட்கார்ந்து படிக்கும் மாணவருக்கு 24 அங்குலம் போதும், பணமும் மிஞ்சும். 27 அங்குலம்தான் வேண்டும் என்றால் அதற்கு ஏற்ற புள்ளி எண்ணிக்கை 2560 × 1440. அதில் புள்ளி 0.233 மில்லிமீட்டர், இரண்டு பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தாராளமாக வேலை செய்யலாம். அது இன்னொரு விலைப் பட்டியல்.

இதே கணக்கில் ஒரு பொறியும் அகப்பட்டுவிடும். ‘32 அங்குலத் தொலைக்காட்சி மலிவு விலையில் கிடைக்கிறதே, அதையே கணினித் திரையாக வைத்துக்கொள்ளலாமே’ என்று சிலர் நினைப்பார்கள். மலிவான 32 அங்குலத் தொலைக்காட்சிகளில் பல 1366 × 768 புள்ளிகள் கொண்டவை. ஒரு புள்ளி 0.52 மில்லிமீட்டர். அந்தப் புள்ளிகள் கண்ணுக்கு மறைய வேண்டுமானால் சுமார் 1.8 மீட்டர் தள்ளி உட்கார வேண்டும். வரவேற்பறை நாற்காலியின் தூரம் அதுதான். அந்தத் திரை செய்யப்பட்டதே அந்தத் தூரத்துக்காகத்தான்.

ஒரு சொட்டுத் தண்ணீரில் தெரியும் வண்ணம்

புள்ளியை நேரில் பார்க்க ஆசையா? கைப்பேசியில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, விரல் நுனியால் குண்டூசித் தலை அளவு தண்ணீர்ச் சொட்டை வையுங்கள். சொட்டு ஒரு குவிவில்லை போல வேலை செய்யும். வெள்ளையாக இருந்த இடத்தில் சிவப்பு, பச்சை, நீலச் சிதறல் தெரியும். ஒவ்வொரு படப்புள்ளியும் இந்த மூன்று நிறத் துணைப்புள்ளிகளால் ஆனது. பார்த்த பிறகு உடனே துடைத்துவிடுங்கள்.

மலிவு விலைக் கணினித் திரைகள் எல்லாமே எல்சிடி வகை, அதாவது திரவப் படிகத் திரைகள். ‘எல்இடி திரை’ என்று பெட்டியில் போட்டிருந்தாலும், எல்இடி என்பது பின்னால் எரியும் விளக்குதான். முன்னால் இருப்பது திரவப் படிகம். இந்த விசித்திரமான பொருளை 1888இல் கண்டவர் ஃபிரெட்ரிக் ரைனிட்சர் என்னும் தாவரவியல் அறிஞர். கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்டிராலைக் கொண்டு ஆய்வு செய்துகொண்டிருந்தபோது, ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலைகள் இருப்பதைக் கவனித்தார். 145.5 பாகை செல்சியசில் உருகிக் கலங்கலான திரவமாகிறது, 178.5 பாகையில் தெளிவாகிறது. இடைப்பட்ட அந்தக் கலங்கல் நிலையில் அது திரவம் போல ஓடும், ஆனால் மூலக்கூறுகள் படிகம் போல வரிசையில் நிற்கும்.

திரைக்குள் இந்தத் திரவப் படிகம், ஒளியின் அதிர்வை ஒரே திசையில் மட்டும் விடும் இரண்டு தளவிளைவுத் தகடுகளுக்கு நடுவே இருக்கிறது. தகடுகள் ஒன்றுக்கொன்று 90 பாகையில் வைக்கப்பட்டிருப்பதால், நடுவில் ஒன்றும் இல்லாவிட்டால் ஒளி வெளியே வராது. திரவப் படிகம் ஒளியின் அதிர்வுத் திசையைத் திருப்பிவிட்டால் வெளியே வரும். மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து எவ்வளவு திருப்ப வேண்டும் என்று கட்டுப்படுத்துகிறார்கள். அப்பாவிடம் போலராய்டு குளிர்கண்ணாடி இருந்தால் அதன் வழியாக எல்சிடி திரையைப் பார்த்துக்கொண்டே கண்ணாடியைச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் திரை கறுத்துவிடும். மூன்றாவது தகட்டை நீங்களே சேர்த்துவிட்டீர்கள்.

இதைத் தெரிந்துகொண்டால் விவரப் பட்டியலில் வரும் டிஎன், ஐபிஎஸ், விஏ என்ற மூன்று பெயர்களும் புரிந்துவிடும். மூன்றும் மூலக்கூறுகளை அசைக்கும் முறைகள். நம் வீடுகளில் இருக்கும் நாக்கோ சன்னலை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பட்டைகள் பாதி சாய்ந்திருக்கும்போது கீழேயிருந்து பார்ப்பவருக்கு ஒரு மாதிரியும் மேலேயிருந்து பார்ப்பவருக்கு வேறு மாதிரியும் தெரியும். டிஎன் திரையில் மூலக்கூறுகள் ஏறக்குறைய அப்படித்தான் எழுந்து சாய்கின்றன. அதனால் கீழேயிருந்து பார்த்தால் நிறங்கள் கறுத்து, சில நேரம் தலைகீழாகவே மாறிவிடும். ஐபிஎஸ் வகையில் மூலக்கூறுகள் திரையின் தளத்திலேயே படுத்தபடி திரும்புகின்றன, சாய்வதில்லை. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாது. குழு வேலைக்காக மூன்று நண்பர்கள் ஒரே திரையைச் சுற்றி உட்காரும்போது இது தெரியும்.

விஏ வகையில் மின்னழுத்தம் இல்லாதபோது மூலக்கூறுகள் திரைக்குச் செங்குத்தாக நிற்கின்றன. ஒளி நன்றாக அடைபடுகிறது, கறுப்பு நிஜமாகவே கறுப்பாக இருக்கிறது. மிக வெள்ளைக்கும் மிகக் கறுப்புக்கும் உள்ள ஒளிமாறுபாடு ஐபிஎஸ் திரையில் பொதுவாக 1000க்கு 1 என்றால், விஏ திரையில் 3000க்கு 1 அளவில் இருக்கும். விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பவருக்கு விஏ பிடிக்கும். ஆனால் இருண்ட காட்சிகளில் வேகமாக நகரும் பொருளுக்குப் பின்னால் கறை போல ஒரு நிழல் இழுபடுவதும் மலிவான விஏ திரைகளில் உண்டு. படிப்பு, வரைதல், கொஞ்சம் விளையாட்டு என்றால் ஐபிஎஸ் திரையையே தேர்ந்தெடுங்கள். இன்று அதற்கும் டிஎன் திரைக்கும் விலையில் பெரிய இடைவெளி இல்லை.

பெட்டியில் சத்தம் போடும் எண்கள்

இனி, பெட்டியின் முன்பக்கம். ‘ஒளிமாறுபாடு 10,000,000க்கு 1’ என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே சொன்ன 1000 எங்கே, இந்த ஒரு கோடி எங்கே? பெயருக்கு முன்னால் ‘டைனமிக்’ என்று சின்ன எழுத்தில் ஒரு சொல் இருக்கும். முழுத் திரையும் வெள்ளையாக இருக்கும்போது பின்விளக்கை முழுதாக எரியவிட்டு ஓர் அளவு, முழுத் திரையும் கறுப்பாக இருக்கும்போது பின்விளக்கைக் கிட்டத்தட்ட அணைத்துவிட்டு இன்னோர் அளவு. பள்ளித் திடலின் வெளிச்சத்தை நண்பகலில் ஒரு முறையும் நள்ளிரவில் ஒரு முறையும் அளந்து, ‘எங்கள் திடலின் ஒளிமாறுபாடு பல மில்லியன் மடங்கு’ என்று பெருமைப்படுவது போன்றது இது. ஒரே நேரத்தில், ஒரே படத்தில் அந்த வித்தியாசம் உங்களுக்குக் கிடைக்காது.

‘எச்டிஆர்’ என்ற முத்திரையும் அப்படித்தான். மலிவுத் திரையின் வெளிச்சம் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 250 கேண்டெலா. கடைக்காரர்கள் இதை ‘நிட்’ என்பார்கள். எச்டிஆர் சான்றிதழ்களில் மிகக் கீழ்ப்படியில் இருப்பதற்கே 400 வேண்டும். 250 நிட் திரையில் ‘எச்டிஆர் ஏற்கும்’ என்று போட்டிருந்தால், அந்தச் சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே பொருள். காட்டும் என்று பொருள் அல்ல.

‘1 மில்லிவினாடி’ என்பது புள்ளி ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மாறும் நேரம். அளக்கும் முறைகள் பல. எந்த முறையில் நல்ல எண் வருகிறதோ அதை அச்சிடுவார்கள். இரண்டு நிறுவனங்களின் 1 மில்லிவினாடி ஒரே பொருள் தராது. ஆகவே இந்த எண்ணுக்காக ஒரு சென்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

புதுப்பிப்பு வீதம் மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது, ஏனென்றால் விளையாட்டுப் பிரியர்கள் பணத்தை விடும் இடம் இதுதான். 60 ஹெர்ட்ஸ் என்றால் திரை வினாடிக்கு 60 முறை புதிய படத்தைக் காட்டுகிறது, ஒரு படத்துக்கு 16.7 மில்லிவினாடி. 100 ஹெர்ட்ஸ் என்றால் 10 மில்லிவினாடி. 144 ஹெர்ட்ஸ் என்றால் 6.9. கழித்துப் பாருங்கள்: 60லிருந்து 100க்குப் போகும்போது மிச்சம் 6.7 மில்லிவினாடி. 100லிருந்து 144க்குப் போகும்போது மிச்சம் 3.1தான். எண் ஏற ஏறக் கிடைக்கும் பலன் சுருங்கிக்கொண்டே போகிறது. அதோடு, வினாடிக்கு 144 படங்களை வரைந்து தரும் வலு உங்கள் மடிக்கணினிக்கு இருக்க வேண்டும். தனி வரைகலை அட்டை இல்லாத சாதாரண மடிக்கணினியில் நவீன விளையாட்டுகள் 60ஐத் தொடவே திணறும். இப்போது 100 ஹெர்ட்ஸ் திரைகள் சாதாரண விலையிலேயே வந்துவிட்டன. பக்கங்களை உருட்டும்போது எழுத்து வழுக்கிக்கொண்டு போவது கண்ணுக்கு இதமாக இருக்கும். அதற்கு மேல் வேண்டாம்.

‘16.7 மில்லியன் நிறங்கள்’ என்பது 256 × 256 × 256 என்னும் பெருக்கல். எல்லாத் திரைகளும் இதைச் சொல்லும். அதைவிட, எஸ்ஆர்ஜிபி எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். 99 என்றிருந்தால் நன்று. சில பட்டியல்களில் என்டிஎஸ்சி என்ற பழைய அளவுகோல் இருக்கும். அதில் 72 விழுக்காடு என்பது ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபிக்குச் சமம். 45 என்றிருந்தால் செம்பருத்திப் பூகூட வெளுத்துத் தெரியும்.

வளைந்த திரையைப் பற்றிக் கேட்கிறீர்களா? 24 அங்குலத்தில் அது அலங்காரம்தான்.

கண்ணுக்கு எது பாதுகாப்பு?

பெற்றோர் அதிகம் கவலைப்படுவது நீல ஒளியைப் பற்றி. 2023இல் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட மதிப்பாய்வில், நீல ஒளியை வடிகட்டும் மூக்குக்கண்ணாடிகள் கணினியால் வரும் கண் களைப்பைக் குறுகிய காலத்தில் குறைப்பதாகத் தெரியவில்லை. திரைகளில் வரும் ‘நீல ஒளி குறைப்பு’ வசதி பெரும்பாலும் நிறத்தை மஞ்சளாக்கும் ஓர் அமைப்பு. விண்டோஸிலேயே அது இலவசமாக இருக்கிறது. கண் எரிவதற்கு முக்கியக் காரணம், திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவதைக் குறைத்துவிடுவது. 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 6 மீட்டருக்கு அப்பால் உள்ள ஒன்றை 20 வினாடி பாருங்கள். சன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இல்லாதபடி திரையை வையுங்கள்.

இன்னொன்று மினுமினுப்பு. சில திரைகள் வெளிச்சத்தைக் குறைக்க, பின்விளக்கை மிக வேகமாக அணைத்து அணைத்து எரியவிடும். கண் நேரடியாகப் பார்க்காவிட்டாலும் சிலருக்குத் தலைவலி வரும். இதைச் சோதிக்க ஒரு பென்சில் போதும். திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அதன் முன்னால் பென்சிலை விசிறி போல வேகமாக ஆட்டுங்கள். தொடர்ச்சியான மங்கலாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனியாகப் பல பென்சில்கள் தெரிந்தால் திரை மினுக்குகிறது.

திரையின் மேல்விளிம்பு உங்கள் கண் மட்டத்தில், அல்லது சற்றுக் கீழே இருக்க வேண்டும். மலிவுத் திரைகளின் தாங்கியில் உயரத்தை மாற்ற முடியாது. பழைய பாடப்புத்தகங்கள் நான்கைந்தை அடியில் அடுக்கினால் அந்த வசதி இலவசம்.

கடைக்குப் போகும் முன்னும் பின்னும்

முதலில் உங்கள் மடிக்கணினியின் பக்கவாட்டைப் பாருங்கள். எச்டிஎம்ஐ துளை இருந்தால் கவலை இல்லை. நீள்வட்ட வடிவ யுஎஸ்பி-சி துளை மட்டும் இருந்தால், அது படத்தையும் அனுப்புமா என்று விவரப் பட்டியலில் உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லாத் துளைகளும் அனுப்புவதில்லை. நீல நிறத்தில், 15 ஊசிகள் கொண்ட விஜிஏ துளை மட்டுமே உள்ள பழைய திரையைத் தவிருங்கள். அதில் மின்னிலக்கப் படம் அலைவடிவமாக மாறி, மறுபடி மின்னிலக்கமாக மாறுகிறது. போய் வரும் வழியில் எழுத்து மங்கிவிடும்.

அலுவலகத்திலிருந்து வரும் பழைய திரைகள் நல்ல பேரமாக அமையலாம், ஐபிஎஸ் வகையும் எச்டிஎம்ஐயும் இருந்தால். எல்இடிக்கு முன் வந்தவற்றில் பின்விளக்கு மெல்லிய ஒளிர்குழாய். வயதாக ஆக அது மங்கி மஞ்சளாகும். அரை மணி நேரம் எரியவிட்டுப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.

மின்கட்டணம் பெரிய விஷயமே இல்லை. 24 அங்குலத் திரை சுமார் 20 வாட் எடுக்கும். நாளுக்கு 4 மணி நேரம், 30 நாள் என்றால் 2.4 கிலோவாட் மணி. யூனிட்டுக்கு 50 சென் என்றே வைத்தாலும் மாதம் 1 ரிங்கிட் 20 சென்.

கோலாலம்பூர் லோ யாட் பிளாசா போன்ற இடத்தில் நேரில் பார்க்க முடிந்தால் மிகவும் நல்லது. கடையில் ஓடும் மின்னும் காணொளியைப் பார்த்து மயங்காமல், ஒரு வெள்ளைப் பக்கத்தில் சின்ன எழுத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஷாப்பி, லசாடாவில் வாங்குவதானால் உத்தரவாதம் உள்ளூர் விநியோகிப்பாளருடையதா என்று கேளுங்கள். செருகி மூன்று முள் கொண்டதா, அதில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெட்டியைத் திறந்த அன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. முழுத் திரையிலும் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகக் காட்டுங்கள். பவர்பாயிண்டில் ஐந்து வெற்றுப் பக்கங்களுக்கு நிறம் கொடுத்தால் போதும். எந்த நிறத்திலும் மாறாமல் நிற்கும் புள்ளி இருந்தால் அது பழுதடைந்தது. மில்லியன் கணக்கான துணைப்புள்ளிகளில் ஒன்றிரண்டு பழுதானால் மாற்றித் தரமாட்டோம் என்று பல நிறுவனங்களின் உத்தரவாத விதியில் இருக்கும். ஆனால் திருப்பிக் கொடுக்கும் காலக்கெடுவுக்குள் கடையிடம் சொன்னால் வழி பிறக்கலாம். அதனால் அந்தக் கெடு முடியும்வரை பெட்டியையும் உள்ளே இருந்த வெள்ளை நுரைக் கட்டிகளையும் தூக்கிப் போடாதீர்கள், ரசீதையும்தான்.